மலைக்குப் போகிறவர்களுக்கு எழுதுவது: தமிழில் இயற்கை எழுத்து பற்றிச் சில செய்திகள்

இயற்கை பற்றித் தமிழில் இன்று வெளிவரும் எழுத்து பெரும்பாலும் இரண்டு தனித்தனி வழிகளில் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று சுற்றுலாக் கட்டுரை. ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று ஆரம்பித்து, எத்தனை மணிக்குப் பஸ், ரூம் வாடகை எவ்வளவு, எங்கே நின்றால் போட்டோ நன்றாக விழும் என்று சொல்லி முடித்துவிடும். மற்றொன்று சுற்றுச்சூழல் கட்டுரை. வெப்பம் இத்தனை டிகிரி உயரும், இத்தனை உயிரினம் அழியும், மனிதா விழித்துக்கொள் என்று அச்சுறுத்தும். முதல் வகையைப் படித்தவர் மலைக்குப் போவார். அங்கே தாம் பார்ப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் வகையைப் படித்தவருக்குப் பயம் வரும். ஆனால் வெளியே போய் ஒரு மரத்தையாவது நின்று பார்ப்போம் என்று தோன்றாது.

இவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் ஒரு காடே பிழைத்திருக்கிறது. பிரிந்த இடத்தில் மனித உயிர் போயிருக்கிறது. இதைத்தான் இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு மூட்டை மூட்டையாக வந்த மிளகும் ஏலமும் சுக்கும் எந்த மலைகளில் விளைந்தனவோ, அந்த மலைகளுக்குத்தான் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் வேன் பிடித்துக்கொண்டு போகிறோம். ஆலுவாயில் எடுத்து நம் குழாயில் விடும் பெரியாற்றுத் தண்ணீரும் அங்கிருந்து இறங்கி வருவதே. அந்த மலைக்கு ஒரு புறம் கேரளம், மறுபுறம் தமிழ்நாடு.

குரங்கணி

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் ஒரு காட்டுத்தீ. அன்று இறந்தவர்களையும், பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள். பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் பலர். கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு மறுநாள் குரங்கணிக்கு இறங்கி வரும்போது பிற்பகலில் தீ சூழ்ந்துகொண்டது. கொழுக்குமலை என்றால் வேறெதுவோ இல்லை. நம்மில் பலர் மூணாறு போகும்போது சூரியநெல்லியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டு வந்தோமே, அதே இடம்.

அனுமதி இருந்ததா, பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அப்போது விசாரிக்கப்பட்டது. நான் அதற்குள் போகவில்லை. இறந்தவர்களைக் குறை சொல்வதும் நம் வேலை அல்ல. என் கேள்வி எழுத்தைப் பற்றியது. கொழுக்குமலையைப் பற்றி அதற்கு முன் நான் படித்த கட்டுரைகளில் மேகம் காலடியில் தவழும், தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் போலிருக்கும் என்றெல்லாம் இருந்தது. மாசி பங்குனியில் அந்தப் புல்சரிவு எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை.

சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருக்கலாம்? மிகவும் எளிய செய்திதான். மழை ஓய்ந்தபின் மலைப்புல் தை மாதம் முதல் காயத் தொடங்கும். கோடை மழை விழும் வரை அது வைக்கோல்தான். வைக்கோல் சரிவில் நின்றால் இன்னும் ஆபத்து. கீழே எரியும் நெருப்பின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடும். அதனால் தீ சமதரையில் போவதைவிடச் சரிவில் மேல்நோக்கி விரைவாகப் போகும். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்பு வல்லுநர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. இத்துடன் பகல் வெயிலில் சரிவு சூடேறியதும் காற்றும் கீழிருந்து மேலே ஏறும். ஆக, பிற்பகல், சரிவு, காய்ந்த புல், மேலேறும் காற்று என்று எல்லாம் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. பயந்துபோன மனிதன் உச்சியைப் பார்த்து ஓடுகிறான். தீயும் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஏற்கெனவே எரிந்து கருகிப்போன தரையோ, புல் இல்லாத வெறும் பாறையோ அருகில் இருந்தால் அதுதான் புகலிடம். இவ்வளவையும் அரைப்பக்கத்தில் எழுதிவிடலாம். பஸ் நேரத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024இல் வனத்துறை குறிப்பிட்ட தடங்களை மட்டும் தேர்ந்து, முன்பதிவுடன், வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தீக்காலத்தில் அந்தத் தடங்களை மூடி வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஏன் மூடுகிறார்கள் என்று எழுதாவிட்டால், பூட்டிய கேட்டைப் பார்த்து எரிச்சல்தான் மிஞ்சும்.

இரவிகுளத்தில் வருஷா வருஷம் இது நடக்கிறது. மூணாறுக்கு மேலே ராஜமலையில் வரையாடு பார்க்க எல்லோரும் போகும் இடம் இரவிகுளம் தேசியப் பூங்கா. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதைப் பார்வையாளருக்கு அடைத்துவிடுவார்கள். ‘அவ்வளவு தூரம் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போனோம் சார், கேட்டைப் பூட்டிட்டாங்க’ என்று நம்மவர்கள் புலம்புவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது வரையாடு குட்டி போடும் காலம். பாறை இடுக்கில் நிற்கத் தடுமாறும் குட்டியை வைத்துக்கொண்டிருக்கும் தாய், மனிதக் கூட்டத்தைக் கண்டு ஓடினால் குட்டி தனியாக நின்றுவிடும். தமிழ்நாட்டின் மாநில விலங்கே வரையாடுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பூட்டிய கேட்டைப் பார்த்து ஒரு தாய்மாரும் முகம் சுளிக்கமாட்டார் என்று நம்புகிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் விருந்தாளியை வாசலோடு அனுப்புவது நமக்குத் தெரியாத வழக்கமா என்ன?

மா. கிருஷ்ணன்

அறிவியலையும் வெளியே உலாவும் இன்பத்தையும் பிரிக்காமல் எழுதிக் காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் இறக்கும் வரை, 46 ஆண்டுகள், இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதி வந்தார். ஒரே தலைப்பில் இவ்வளவு காலம் ஓயாமல் எழுதியவர்கள் உலகத்திலேயே சிலர்தான் இருப்பார்கள். கட்டுரைக்குப் படமும் தாமே வரைவார். கருப்பு வெள்ளைப் புகைப்படமும் தாமே எடுப்பார்.

ஆங்கிலத்தில் எழுதியவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள், பறவைகள் பற்றி எழுதிக் கொடுத்தவர் அவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் பின்னாளில் நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கிடைத்தால் வாங்கி வீட்டில் வையுங்கள்.

அவரிடம் நாம் கற்கவேண்டியது என்ன? புலியும் யானையும் பற்றி எழுதினார், அது சரி. ஆனால் அணில், காக்கை, பல்லி, தெருவில் போகும் மாடு, கொல்லைப்புறத்து மைனா இவற்றைப் பற்றியும் அதே மரியாதையோடு எழுதினார். காட்டுக்குப் போக வசதி இல்லாதவனுக்கும் பார்ப்பதற்கு ஒன்று உண்டு என்பதை அவருடைய பத்தி பதினைந்து நாளைக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, கண்டதைத்தான் எழுதுவார். அந்தப் பிராணி என்ன செய்தது, எத்தனை நேரம் செய்தது, எந்தப் பருவத்தில் செய்தது என்பதுதான் கட்டுரை. மூன்றாவதாக ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: அபிப்பிராயத்தை ஒளிக்கமாட்டார். அயல்நாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரம் நடுவது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று எழுதினார். வேம்பும் புங்கனும் இருக்கும்போது எதற்கு என்ற கேள்வி அவரிடம் எப்போதும் இருந்தது.

அவருக்குப் பின் தமிழில் இவ்வழி அடைபட்டுப் போகவில்லை. அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ முதலிய நூல்களை எழுதினார். ச. முகமது அலி ‘காட்டுயிர்’ என்ற பெயரில் ஓர் இதழையே நடத்தினார். இதழின் பெயரையே பாருங்கள். ‘வனவிலங்கு’ என்றால் புலியும் கரடியும் மட்டும் மனத்தில் வரும். ‘காட்டுயிர்’ என்றால் பாம்பும் பறவையும் வண்டும் அட்டையும் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு சொல்லை மாற்றினால் பார்வையே மாறுகிறது.

மலையாளத்தில் நடந்தது

நாம் குடியேறி வாழும் இம்மண்ணில் இந்த எழுத்து எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். 1958இல் கேரள சாகித்திய அகாதெமி ‘கேரளத்திலெ பட்சிகள்’ என்ற நூலை வெளியிட்டது. எழுதியவர் இந்துசூடன் என்ற புனைபெயர் கொண்ட கே. கே. நீலகண்டன், ஆங்கிலப் பேராசிரியர். பல தலைமுறை மலையாளிகள் பறவை பார்க்கக் கற்றது அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான். ஊருக்கு ஊர் வழங்கும் பறவைப் பெயர்களை விடாமல், நல்ல மலையாளத்தில், கதை சொல்வதுபோல எழுதினார்.

1962இல் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் தோன்றியது. பெயரிலேயே சாஸ்திரமும் சாகித்தியமும் சேர்ந்திருக்கின்றன. அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவதற்கென்று ஆரம்பித்த அமைப்பு. குழந்தைகளுக்கு ‘யுரீக்கா’, பெரியவர்களுக்கு ‘சாஸ்திரகதி’ என்று இதழ்கள் நடத்தியது. பாலக்காட்டு மாவட்டம் சைலண்ட் வாலியில் குந்திப்புழையின் குறுக்கே மின் திட்டத்துக்கு அணை கட்டும் யோசனை 1970களில் வலுத்தபோது, இந்தப் பழக்கம் கைகொடுத்தது. அங்கே இருந்த சோலைக்காட்டையும் சிங்கவால் குரங்கையும் நாட்டில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. ‘குரங்குக்காக மனுஷனுக்குக் கரண்ட் வேண்டாமா?’ என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கேலிக்குப் பதில் எழுத்தில்தான் வந்தது. தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். நம் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், 2022இல் மறைந்தார். பரிஷத் 1979இல் அத்திட்டத்தைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. மரமும் குரங்கும் மட்டும் அதில் இல்லை. இவ்வளவு மின்சாரத்தை வேறு எப்படிப் பெறலாம், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கணக்கும் இருந்தது. சுகதகுமாரி முதலான கவிஞர்கள் கவிதையோடு வந்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பாற்றியது எழுத்து மட்டுமே என்று சொன்னால் மிகையாகிவிடும். அரசியலும் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது, இந்திரா காந்தியின் கருத்தும் இருந்தது. ஆனால் கண்ணால் காணாத ஒரு காட்டைச் சாதாரண ஜனங்கள் தம்முடையதாக எண்ணியதற்குத் தாய்மொழியில் வந்த எழுத்துதான் காரணம்.

படித்தவர்கள் மட்டுமே செய்தார்கள் என்றும் எண்ணவேண்டாம். கண்ணூர் மாவட்டம் பழையங்காடியில் கல்லேன் பொக்குடன் என்பவர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத வயல் கூலித் தொழிலாளி, 1989இல் ஆற்றோரத்தில் கண்டல் செடி நடத் தொடங்கினார். சேற்றில் முளைக்கும் உபயோகமற்ற புதர் என்று பலர் நினைத்திருந்த கண்டலுக்கு அவர் வாழ்க்கை வரலாறு மலையாளத்தில் ஒரு கௌரவத்தை உண்டாக்கிவிட்டது. 2015இல் காலமானார்.

பெயர் போனால்

இங்கே நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டில் வாயோடு சரி. அந்த வாய்த்தமிழில் என்ன இருக்கிறது? சாப்பாட்டுப் பெயர்கள், உறவுப் பெயர்கள், கோவில் சமாச்சாரம், திட்டுவதற்கு நாலு வார்த்தை. மரத்தின் பெயர் இல்லை, பறவையின் பெயர் இல்லை, காற்றின் பெயர் இல்லை. இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் தமிழ் நமக்குச் சமையலறை மொழியாக நின்றுவிடும். இலக்கணம் சொல்லிக் கொடுத்து இதைத் தடுக்கமுடியாது. வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் சொல்லிக் கொடுத்தால் முடியும்.

இதற்கு மட்டாஞ்சேரியைப் போல வசதியான ஊர் சென்னையில்கூட இல்லை என்பேன். காரணம் கேளுங்கள். கடற்கரையில் முள்ளோடு நிற்கும் தாழையை மலையாளிகள் ‘கைத’ என்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் தாழையும் உண்டு, கைதையும் உண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் கைதை போய்விட்டது. இங்கே மீன்காரம்மா வாயில் இருக்கிறது. நண்டுக்கு அவர்கள் சொல்லும் ‘ஞண்டு’ என்பதும் நம் பழைய நூல் சொல்லே. பறவையைப் ‘புள்’ என்று நாம் செய்யுளில்தான் படிக்கிறோம். இவர்கள் கருப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு பாடும் குண்டுக்கரிச்சானை ‘மண்ணாத்திப்புள்ளு’ என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். பிள்ளை பள்ளியில் கேட்ட மலையாளப் பெயரை வீட்டில் சொல்லட்டும். தாத்தா பாட்டி அதற்குத் தமிழைத் தேடட்டும். இரண்டு மொழியும் அங்கே கைகோத்துக்கொள்ளும்.

பெயருக்குள்ளேயே அறிவியல் இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். கோவிலின் தலமரம் தில்லை. நடராசரைத் தரிசித்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். தில்லை மரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது ஒரு கண்டல் காட்டு மரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் நிற்கிறது. நம் கேரளத்துக் காயல் ஓரக் கண்டல்களிலும் இருக்கிறது. மலையாளத்தில் அதற்குப் பெயர் கண்ணாம்பொட்டி. ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கொஞ்ச காலத்துக்காவது கெடுத்துவிடும், அதனால் அப்பெயர். தமிழ்ப் பெயர் தலபுராணத்தைச் சொல்கிறது, மலையாளப் பெயர் முதலுதவிப் பாடத்தைச் சொல்கிறது. தாங்குவேர்களைத் திசைக்கொன்றாக நீட்டி நிற்கும் சுரபுன்னைக்கு இவர்கள் ‘பிராந்தன் கண்டல்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள், பைத்தியக்காரக் கண்டல்! அந்த வேர்தான் சேற்றில் மரத்தைத் தாங்குகிறது, அலையை உடைக்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது. கருவைச் சுமந்து பெறுகிற மரம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், மறக்கமாட்டார்கள். இதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். எறணாகுளத்தில் உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம் இருக்கிறது. மூன்று ஹெக்டேர்கூட இல்லை. 2004 முதல் பறவைகள் சரணாலயம்.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றே ஒரு கட்டுரை எழுதலாம். மழைக்காலம் வந்ததும் ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாகக் காயலில் மிதந்து வரும். படகுக்காரர்கள் சபிப்பார்கள், சீனவலைக்காரர்கள் வலையில் மீனுக்குப் பதில் அதை அள்ளுவார்கள். மலையாளத்தில் குளவாழை. பொதுவாக ‘பாயல்’ என்றும் சொல்லிவிடுவார்கள். ஆப்பிரிக்கன் பாயல் என்பது வேறு செடி, அதை 1980களில் ஒரு சின்ன வண்டை விட்டுக் கேரளத்தில் அடக்கினார்கள். ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி, நன்னீரில் வளர்வது, உப்பு ஆகாது. தெற்கே குட்டநாட்டு நெல்வயல்களில் உப்புநீர் ஏறாமலிருக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் 1976 முதல் ஒரு தடுப்பணை இருக்கிறது. கோடையில் அதை மூடி வைப்பதால், தெற்கே நன்னீரில் செடி சுகமாகப் பெருகுகிறது. அணை திறந்து மழைவெள்ளமும் தள்ளினால் எல்லாம் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. இங்கே கடல்நீர் ஏறும்போது அழுகி நாறுகிறது. நெல்லுக்காகச் செய்த காரியம் மீன்காரன் வலையில் வந்து நிற்கிறது. காயலின் உப்புக்கணக்கு முழுவதும் இந்த ஒரு செடியில் எழுதியிருக்கிறது. டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் போதும்.

இன்னொன்று. ஃபோர்ட்டுகொச்சியிலிருந்து வைப்பினுக்குப் படகில் போகும்போது அழிமுகத்தில் சில நாள் சாம்பல் நிற முதுகு தண்ணீரில் எழும்பி மறையும்.

‘தாத்தா, சுறாவா?’

‘இல்லடா கண்ணா, ஓங்கில். மூச்சு விட மேல வருது. மீன் இல்ல அது, நம்மளப் போல குட்டி போட்டுப் பால் குடுக்கிற ஜாதி.’

எங்கோ தண்ணீர்த் தொட்டியில் டால்பின் ஆட்டம் காட்டுகிறார்கள் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு, சில ரூபாய் டிக்கெட்டில் கூனல் முதுகு ஓங்கில் காட்டமுடியும். எல்லா நாளும் தெரியாது. அதையும் பிள்ளைகள் பழகவேண்டியதுதான்; காட்டுயிர் நம் டைம்டேபிளில் வராது.

நிலமும் பொழுதும்

வெளியே போவதைப் பற்றி எழுத நமக்கு ஒரு சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும். இடத்தை மட்டும் சொன்னால் போதாது, பெரும்பொழுதும் சிறுபொழுதும் சொல்லவேண்டும். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று வகுத்தார்கள். அடுத்துக் கருப்பொருள்: அங்கே என்ன மரம், என்ன புள், என்ன விலங்கு, மக்கள் என்ன உண்டார்கள், என்ன தொழில் செய்தார்கள். இது காதல் பாட்டுக்கு வகுத்த இலக்கணம்தான், சுற்றுலாவுக்கு வகுத்ததல்ல. ஆனாலும் ஒரு மலைப்பயணக் கட்டுரையை இதில் வைத்துப் பாருங்கள். குரங்கணி பற்றி வந்த எழுத்தில் நிலம் இருந்தது, பொழுது இல்லை. நம் சங்கத்திலிருந்து குடும்பங்கள் சேர்ந்து எங்கே போனாலும், போகும் இடத்தைப் பற்றி ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். எந்த மாதம் போகலாம், எந்த மாதம் போகக்கூடாது, ஏன். பார்க்கக்கூடிய பத்து உயிர்கள், தமிழிலும் மலையாளத்திலும் பெயர். அங்கே வாழும் ஜனங்கள் யார். பெரிய புலமை ஒன்றும் வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டாலே பாதி கிடைக்கும்.

முதல் தாளுக்கு விஷயமும் தயாராக இருக்கிறது. மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. 2018இல் மார்ச்சில் குரங்கணித் தீ, ஆகஸ்டில் கேரளத்துப் பெருவெள்ளம், ரோடெல்லாம் சரிந்துபோய், பூத்த பூவைப் பார்க்க எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அடுத்தது 2030. பூக்கும் காலம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை; மலையில் அது மழைக்காலம், மண் சரிகிற காலம் என்பதைத் தாளில் முதலில் போடவேண்டும். பிறகு முதுவர்களைப் பற்றி எழுதவேண்டும். அம்மலைகளில் வாழ்கிற பழங்குடியினர், தமிழோடு நெருங்கிய பேச்சு பேசுகிறவர்கள். குறிஞ்சி பூத்த தடவையை வைத்து வயது கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டு. அப்புறம் செடியைப் பற்றி. இது வருஷா வருஷம் பூத்துவிட்டு நிற்கும் செடி இல்லை. வாழ்நாளில் ஒரே தடவை பூக்கும், விதை உதிர்க்கும், பட்டுப்போகும். மலை முழுவதும் ஒரே வேளையில் விதைப்பதால், தின்கிற பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் விழுந்து முளைக்கும் என்பது அறிவியலார் கூறும் விளக்கம். போட்டோவுக்காக ஒரு கொத்தை ஒடித்து வேன் கண்ணாடியில் செருகிக்கொண்டு வந்தால், அந்தக் கொத்து விதைக்கவில்லை என்று பொருள். அதில் விழுந்திருக்கவேண்டிய விதை 2042இல் பூக்கவேண்டியது.